பஞ்சத்திற்கு ஐந்தொகை எழுதிய இதழாளர் வில்லியம் டிக்பி

தோற்றுவாய்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் செல்லும் சாலை, ஊரைவிட்டு நீங்கியதும் ஒரு நீர்வழியைக் கடக்கின்றது. பக்கிங்காம் கால்வாய் என்பது அதன் பெயர். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணம் வரை நம் கடற்கரையை ஒட்டி ஓடும் இக்கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் சென்றன. இன்று படகுமில்லை, பல இடங்களில் ஓட்டமுமில்லை. அருச்சுனன் தபசு எனப்படும் பாறைச் சிற்பத்தைக் காண ஆண்டுதோறும் மாணவியரை அழைத்துச் செல்லும் நான், இப்பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கின்றேன். கால்வாய்க்கு ஆங்கிலேயப் பெயர் ஏன் வந்தது என்று ஒரு மாணவி வினவியபோதுதான், அப்பெயர்க்குப் பின்னால் இருப்பது தாது ஆண்டுப் பஞ்சம் என்பதை அவளுக்கு விளக்க நேர்ந்தது.

1876ஆம் ஆண்டு தொடங்கி 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தின்போது சென்னை மாநில ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் பிரபு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி, 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகப் பட்டினி மக்களின் கைகளால் வெட்டப்பட்டது. வடக்கும் தெற்கும் இருந்த நீர்வழிகள் அதனால் ஒன்றாயின. முழுக் கால்வாய்க்கும் ஆளுநரின் பெயர் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

பஞ்சத்துக்கு ஆண்டியா, பரம்பரை ஆண்டியா என்பது நம் பழமொழி. வறுமையால் நேற்று ஓடேந்தியவனையும் வழிவழியாக ஓடேந்தியவனையும் வேறுபடுத்திக் கேட்கும் கேள்வி அது. இக்கேள்வியை ஒரு தனிமனிதனைப் பார்த்துக் கேளாமல், இந்தியா என்னும் பெருநாட்டையே பார்த்துக் கேட்டவர் ஓர் ஆங்கில இதழாளர். தம் வாழ்நாளின் முற்பகுதியில் அவர் கண்ட விடை ஒன்று. பிற்பகுதியில் கண்ட விடை மற்றொன்று. இவ்விரு விடைகளுக்கும் இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளே வில்லியம் டிக்பியின் வாழ்க்கை எனலாம்.

அச்சுக்கூடம் முதல் கொழும்பு வரை

டிக்பி 1849ஆம் ஆண்டு மே முதல் நாள் இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், விஸ்பெக் நகரை அடுத்த வால்சோக்கனில் பிறந்தார். செல்வமோ பல்கலைக்கழகக் கல்வியோ வாய்க்காத குடும்பம். பதினைந்தாம் வயதில் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றின் அலுவலகத்தில் தொழில் பயிலச் சேர்ந்து, ஏழாண்டுகள் அங்கேயே வளர்ந்தார். சட்டமோ பொருளியலோ முறையாகக் கல்லாத இவர், பின்னாளில் அரசாங்கத்தின் நிதித்துறையோடு எண்களைக் கொண்டு மோதினார் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1871இல் கொழும்பு சென்று சிலோன் அப்சர்வர் நாளிதழின் துணையாசிரியரானார். காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம் அது. அத்தோட்டங்களை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து நடந்தும் கடல்கடந்தும் சென்ற கூலித் தொழிலாளர்கள். உணவுப்பொருள்கள் மீது இலங்கை அரசு விதித்திருந்த வரிகளை எதிர்த்து டிக்பி தொடர்ந்து எழுதினார். ஏழையின் கலயத்தில் வரிவிதித்து அரசு நடத்தலாகாது என்பதும், வேறு வருவாய் வழிகளைத் தேட வேண்டும் என்பதும் அவர் வாதம்.

இலங்கைச் சட்டமன்றத்தின் அதிகாரபூர்வச் சுருக்கெழுத்தாளராகவும் அவர் பணியாற்றினார். மன்ற விவாதங்களை ஆறு தொகுதிகளாக ஆக்கித் தந்தார். பிறர் பேச்சைக் கூட்டாமலும் குறைக்காமலும் பதியும் இப்பயிற்சி அவர் எழுத்தின் இயல்பையே தீர்மானித்தது. ஆட்சியாளரின் கூற்றை ஆட்சியாளரின் ஆவணத்தைக் கொண்டே மறுக்கும் வழக்கம் இங்குதான் வேர்விட்டது என்பது என் கருத்து.

தாது ஆண்டு

1877இல் டிக்பி சென்னைக்கு வந்து மெட்ராஸ் டைம்ஸ் நாளிதழின் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டுக்கூட நிறையவில்லை. ஐரோப்பியர் நடத்தி, பெரிதும் ஐரோப்பியர் படித்த இதழ் அது. முந்தைய ஆண்டில் பருவமழை பொய்த்திருந்தது. ஆற்றுப் பாசனம் குறைந்து ஏரிகளையே நம்பி வாழும் செங்கற்பட்டு மாவட்டத்திற்கு வடகிழக்குப் பருவமழை பொய்ப்பது என்ன பொருள் தரும் என்பதை இம்மலரைப் படிப்போருக்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

ஆயின் டிக்பி கண்ட காட்சி விந்தையானது. சென்னைக் கடற்கரையில் பர்மாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய நெல்லும் அரிசியும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. அக்குவியலுக்குக் காவலும் இருந்தது. சற்றுத் தொலைவில் மக்கள் சிந்திய மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். புகைவண்டி தானியத்தை உள்நாட்டிற்கு ஏற்றிச் சென்றது. விலையையும் உடன் ஏற்றிச் சென்றது. தந்திக் கம்பி ஓரூரின் விலையேற்றத்தை அன்றே அடுத்த ஊருக்கு அறிவித்தது. தானியம் இருந்தது, வாங்கக் காசில்லை. மண் விளையாததால் வேலையில்லை, வேலையில்லாததால் கூலியில்லை. பஞ்சம் வானத்தில் தொடங்கினாலும் சந்தையில்தான் முடிகின்றது என்பதை அந்த இளம் ஆசிரியர் அந்த ஆண்டிலேயே கண்டுகொண்டார்.

வணிகத்தில் தலையிடலாமா என்பது அன்று ஆட்சியாளரிடையே எழுந்த பெரும் பூசல். 1876இன் இறுதியில் சென்னை அரசு, அர்பத்நட் நிறுவனத்தின் வாயிலாக 30,000 டன் தானியத்தை ஓசையின்றி வாங்கியது. வணிகர் ஊக்கம் கெடும் என்று கூறி இந்திய அரசு அதனைக் கண்டித்தது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் விக்டோரியா அரசியாரைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் நடந்தது. அரசப் பிரதிநிதி லிட்டன் அவ்விழாவில் மூழ்கியிருந்தார். சென்னை ஆளுநரும் பஞ்ச மாநிலத்தை விட்டு அங்குச் செல்ல நேர்ந்தது.

ஒரு பவுண்டு தானியம்

தர்பார் முடிந்ததும் லிட்டன், சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்சத் தூதராகத் தெற்கே அனுப்பினார். டெம்பிளின் வரலாறு நோக்கத்தக்கது. 1873-74இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது அவர் தாராளமாகச் செலவிட்டு, பட்டினிச் சாவைப் பெரிதும் தடுத்தவர். அதற்குப் பரிசாக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்னும் பழி. அப்பழியைத் துடைத்துக்கொள்ளும் வேட்கையோடு அவர் சென்னைக்கு வந்தார் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது சில்லறைக் காசும் போதும் என டெம்பிள் வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டு மண் வெட்ட வேண்டும். கல் உடைக்க வேண்டும். சென்னை மாநிலச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். சிறைக் கைதிக்குத் தரும் உணவினும் இது குறைவு என்றும், குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியத்தோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்றும் வாதிட்டார். இருவரும் அறிக்கை மேல் அறிக்கையாகப் போரிட்டனர். மக்கள் அதற்கிடையில் இறந்துகொண்டிருந்தனர்.

கூலிக் குறைப்போடு சோதனைகளும் வந்தன. வீட்டை விட்டுப் பல கல் தொலைவு நடந்து வரத் துணிபவனே உண்மையில் பசித்தவன் என்பது தூரச் சோதனை. நம் பழமொழியின் கேள்வியை அரசு தன் வழியில் கேட்டது எனலாம். பஞ்சத்துக்கு ஆண்டியானவனுக்கு மட்டும் சோறு. பரம்பரை ஆண்டிக்கு இல்லை. ஆயின் சோதனையில் தேறும் அளவுக்கு மெலிந்தவன் நடக்கும் வலுவை இழந்திருந்தான். நடக்கும் வலுவுடையவனோ சோதனையில் தேறவில்லை.

மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் கார்னிஷின் பக்கம் நின்றார். தம் இனத்தவர் ஆட்சியைத் தம் இனத்தவர் படிக்கும் இதழில் குறைகூறுவது எளிதன்று. எனினும் 1877ஆம் ஆண்டின் நடுவில் சென்னை அரசே டெம்பிள் கூலியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அறிவியலும் இதழியலும் சேர்ந்து பெற்ற சிறு வெற்றி அது. பலருக்கு அது காலங்கடந்து வந்தது.

கடல் கடந்த தந்தி

1877 ஆகஸ்டில் சென்னையில் பொதுக்கூட்டம் கூடியது. இங்கிலாந்து மக்களின் ஈகையை நாடி இலண்டன் மாநகரத் தலைவர் உள்ளிட்டோருக்குத் தந்திகள் பறந்தன. அம்முயற்சியின் உந்துவிசையாக நின்றவர் டிக்பி. பஞ்சத்தை அரசு சமாளித்துவிடும் என்று சொல்லிவந்த லிட்டனுக்கு இவ்வேண்டுகோள் கசந்தது. பொதுமக்களிடம் கையேந்துவது அரசின் தோல்வியை உலகுக்குப் பறைசாற்றுவதாகும் அன்றோ? ஆயினும் இலண்டன் மாளிகை மன்ற நிதி திறக்கப்பட்டது. பிரித்தானியாவிலிருந்தும் குடியேற்ற நாடுகளிலிருந்தும் வந்து குவிந்த தொகை ஆறரை இலட்சம் பவுனைக் கடந்தது.

நிர்வாகக் குழுவின் மதிப்புறு செயலாளராக டிக்பி உழைத்தார். ஊர்தோறும் உள்ளூர்க் குழுக்கள் அமைந்தன. உயிரைக் காப்பது அரசின் கடமை, வாழ்வை மீட்பது நிதியின் கடமை என்ற பாகுபாட்டின்படி, கஞ்சி வார்ப்பதோடு நில்லாமல் விதைநெல் வாங்கவும் உழவு மாடு வாங்கவும் கூரை வேயவும் பணம் வழங்கப்பட்டது. பஞ்சத்தில் முதலில் விற்கப்படுவது மாடும் வீட்டுக் கூரையுமே என்பதை அறிந்தவர் வகுத்த திட்டம் இது.

தமிழ்நாட்டார் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் இங்குக் கூறுதல் தகும். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்ததும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வீகையைப் பாடியதும் நாம் அறிந்தவையே. பெயர் அறியப்படாத எத்தனையோ பேர் வாசலில் கஞ்சிப் பானை வைத்தனர். அவர்களுடைய கணக்கு டிக்பியின் ஏட்டில் ஏறவில்லை.

1878இல் அரசு அவருக்குச் சி.ஐ.இ. பட்டம் வழங்கியது. அதே ஆண்டில் தென்னிந்தியப் பஞ்ச வரலாற்றை இரு தொகுதிகளாக இலண்டனில் வெளியிட்டார். அரசாங்கக் கடிதங்களும் அறிக்கைகளும் நிரம்பிய நூல் அது. டெம்பிளின் கொள்கையை அது கண்டிக்கின்றது; ஆட்சியின் அடிப்படையை ஐயுறவில்லை. நல்ல நிர்வாகிகள் வாய்த்தால் அடுத்த பஞ்சத்தை வெல்லலாம் என்பதே அதன் உள்ளுறை. பழமொழியின் கேள்விக்கு அவர் கண்ட முதல் விடை இது: இந்தியா பஞ்சத்துக்கு ஆண்டியானது, மழை பெய்தால் ஓட்டைக் கீழே வைத்துவிடும்.

இலண்டன் ஆண்டுகள்

அதே 1878இல் டிக்பியின் மனைவி இறந்தார். மறு ஆண்டு அவர் தாய்நாடு திரும்பினார். லிவர்ப்பூல், பிளிமத் ஆகிய நகர இதழ்களின் ஆசிரியப் பொறுப்பு, 1882 முதல் 1887 வரை தேசிய லிபரல் சங்கத்தின் செயலாளர் பதவி, இருமுறை நாடாளுமன்றத் தேர்தலில் தோல்வி என்று அவர் வாழ்க்கை சென்றது. எங்கிருந்தபோதும் எழுத்து இந்தியாவைப் பற்றியதாகவே இருந்தது. இந்தியா இந்தியர்க்கே என்னும் கருத்தைத் தலைப்பிலேயே தாங்கிய நூலை 1885இல் வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில்தான் பம்பாயில் காங்கிரசு பிறந்தது.

காங்கிரசின் பிரித்தானியக் குழு 1889இல் அமைந்தபோது டிக்பி அதன் செயலாளரானார். 1890 முதல் 1892 வரை அக்குழுவின் இந்தியா இதழையும் நடத்தினார். இந்நாட்டுச் செய்திகளை இலண்டன் நாடாளுமன்றத்தின் வாயிலுக்குக் கொண்டுசெல்லும் செய்தியாளராக அவர் விளங்கினார்.

அவர் மீதான வழக்கும் இங்குதான் தொடங்குகின்றது. 1887இல் அவர் நிறுவிய இந்திய அரசியல் முகமை, சுதேச மன்னர்களின் குறைகளை இலண்டனில் எடுத்துரைத்தது. காஷ்மீர மன்னர் பிரதாப் சிங்கின் அதிகாரங்கள் 1889இல் பறிக்கப்பட்டபோது, விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டார் அவர் என்று டிக்பி 1890இல் ஒரு நூலே எழுதினார். சார்லஸ் பிராட்லா நாடாளுமன்றத்தில் அப்பொருளை எழுப்பினார். மன்னர்களுக்காகப் பேசுபவர் மக்களுக்காக எப்படிப் பேசுவார் என்று எதிரிகள் கேட்டனர். நன்கொடை பெற்று எழுதும் பேனா நடுநிலை உடையதோ என்றும் கேட்டனர். கிழக்கிந்திய வணிக முகவர் நிறுவனம் ஒன்றில் அவர் பங்காளியாக இருந்ததும் இவ்வையத்தை வளர்த்தது.

இக்குற்றச்சாட்டை முற்றும் தள்ளிவிட என்னால் இயலவில்லை. அரசியலையும் வணிகத்தையும் எழுதுபவர் அவ்விரண்டிலும் தாமே கைநனைத்திருந்தார். பாராட்டு மலரில் இதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆயின் பிரதாப் சிங்கின் அதிகாரம் 1905இல் அவரிடமே திரும்ப வந்தது என்பதையும், பஞ்சத்தில் இறந்த மக்களுக்காக எழுத டிக்பிக்குக் காசு தருவார் எவருமிலர் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

முக்கால் பென்னி

1896 முதல் 1900 வரை மீண்டும் இரு பெரும் பஞ்சங்கள் இந்தியாவை வாட்டின. இதற்குள் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்துவிட்டது. பஞ்ச விதித்தொகுப்பு வந்துவிட்டது. புகைவண்டிப் பாதை பன்மடங்கு பெருகிவிட்டது. நல்ல நிர்வாகம் போதும் என்று 1878இல் நம்பியவருக்கு இவை எல்லாம் வந்த பின்னும் மக்கள் மடிவது ஏன் என்ற வினா எழுந்தது. அதற்கு விடையாக 1901இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்குச் செழிப்பான பிரித்தானிய இந்தியா எனப் பொருள்படும் பெயரிட்டார். வஞ்சப்புகழ்ச்சி அணியை இலக்கணத்தில் கற்பிக்கும் நமக்கு அத்தலைப்பின் சுவை உடனே விளங்கும்.

அந்நூலின் ஆயுதம் அரசாங்கப் புள்ளிவிவரம். இந்தியனின் ஆண்டு வருமானம் 27 ரூபாய் என 1882இல் அரசு கணித்திருந்தது. 1901இல் கர்சன் அதனை 30 ரூபாய் என்றார். நாடு வளர்ந்துவருகின்றது என்பது அவர் கூற்றின் பொருள். அதே அரசின் விளைச்சல் கணக்கையும் வரிக்கணக்கையும் கொண்டு டிக்பி கூட்டிப் பார்த்தபோது கிடைத்தது ஏறக்குறைய 18 ரூபாய். ஒருவனின் ஒருநாள் வருமானம் 1850இல் இரண்டு பென்னி, 1880இல் ஒன்றரைப் பென்னி, 1900இல் முக்கால் பென்னி என்று மூன்று எண்களில் அரை நூற்றாண்டின் கதையைச் சொன்னார். அன்றைய நாணய மாற்றில் பென்னி ஒன்று ஏறத்தாழ ஓரணா. முக்கால் அணாவில் ஒருவன் ஒருநாள் உண்டு உடுத்து வரியும் செலுத்த வேண்டும்.

பிளாசிப் போர் முதல் வாட்டர்லூ போர் வரை இந்தியாவிலிருந்து வெளியேறிய செல்வம் ஐம்பது கோடிப் பவுன் முதல் நூறு கோடிப் பவுன் வரை இருக்கும் எனவும் அவர் மதிப்பிட்டார். 1876-78 பஞ்சச் சாவு பிரித்தானியப் பகுதிகளில் ஐம்பது இலட்சத்தைச் சற்றுக் கடந்தது என்பது அரசுத் தரப்பின் கணக்கு. டிக்பியின் கணக்கோ நாடு முழுமைக்கும் ஒரு கோடியைக் கடந்தது.

இவ்வெண்களை அப்படியே ஏற்கவேண்டும் என்பதில்லை. 1902இல் அட்கின்சன் என்பார் 1895ஆம் ஆண்டுக்கு 39 ரூபாய்க்கு மேல் கணித்தார். பின்வந்த மக்கள்தொகை ஆய்வாளருள் சிலர் பஞ்சச் சாவை எண்பத்திரண்டு இலட்சம் என்றும், வேறு சிலர் அதனினும் குறைவாகவும் கொள்வர். டிக்பி சினத்தோடு கணக்கெழுதினார்; ஐயத்துக்கிடமான இடங்களில் இருண்ட பக்கத்தையே தெரிந்தெடுத்தார். ஆயினும் கணக்கு கேட்கும் உரிமை ஆளப்படுவோர்க்கு உண்டு என்பதை நிலைநாட்டியோருள் அவரும் ஒருவர். தாதாபாய் நவரோஜியின் வறுமை நூல் வெளிவந்ததும் அதே 1901இல்தான். சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் பிரித்தானிய ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி நூல் வெளியிட்டது 1903இல்.

பழமொழியின் கேள்விக்கு இது அவர் கண்ட இரண்டாம் விடை. இந்தியா பஞ்சத்தால் ஆண்டியாகவில்லை. ஆண்டியாக்கப்பட்டிருந்ததால் பஞ்சத்தைத் தாங்கவில்லை. தம் முதல் நூலின் முடிவைத் தம் இறுதி நூலால் தாமே மறுக்கும் துணிவு எழுத்தாளர் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1904 செப்டம்பர் 29ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில், நரம்புத் தளர்ச்சியால் டிக்பி இலண்டனில் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் சுதேசமித்திரன் அலுவலகத்தில், சுப்பிரமணிய ஐயரின் கீழ் ஓர் இளைஞர் துணையாசிரியராகச் சேர்ந்தார். உலகச் செய்திகளை மொழிபெயர்க்கும் பணி அவருக்கு வாய்த்தது. அவர் பாரதியார்.

நிறைவுரை

பஞ்சக் கும்மிகளும் சிந்துகளும் தாது ஆண்டை நம் நினைவில் நிறுத்தியுள்ளன. நம் வட்டத்தின் கூட்டங்களில் அவற்றைப் பாடிக் கேட்டுக் கண்கலங்கியிருக்கின்றோம். ஒப்பாரி நமக்கு இயல்பாக வருகின்றது; ஐந்தொகை வருவதில்லை. யார் கொள்முதல் செய்தார், யார் கூலியைக் குறைத்தார், எந்த ஆணை எந்த நாளில் பிறப்பிக்கப்பட்டது என்னும் செய்திகளை டிக்பியிடம் கேட்டறிய வேண்டியிருக்கின்றது. பாட்டு இழப்பைச் சொல்லும். பொறுப்பாளியைச் சொல்வது கணக்கு.

எனினும் டிக்பியின் ஏட்டிலும் ஒரு குறையுண்டு. செங்கற்பட்டுச் சீமையில் முதலில் மடிந்தவர்கள் ஒரு காணி நிலமும் இல்லாத பண்ணையாட்கள். அவர்களின் நிலைமையை இம்மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதிய பின்னரே, 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சம் முடிந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து வந்த ஆணை அது. டிக்பியின் ஒரு கோடியில் அவர்கள் எண்களாக இருக்கின்றனர். தனி மனிதர்களாக இல்லை.

அருச்சுனன் தபசுப் பாறையில் விலா எலும்பு தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசியை என் மாணவியர் வியந்து பார்ப்பர். விரும்பி மெலிந்தவன் அவன். சிற்பி அவனுக்குப் பாறையில் இடங்கொடுத்தான். அங்கிருந்து சற்று மேற்கே ஓடும் கால்வாயில், விரும்பாமல் மெலிந்தவர்களின் நினைவாக ஒரு கல்லும் இல்லை. இவ்வாண்டு மாணவியரை அழைத்துச் சென்றபோது, திரும்பும் வழியில் அப்பாலத்தின் மீது வண்டியை நிறுத்தச் சொல்லி, தாது ஆண்டையும் டிக்பியையும் பற்றி அவர்களுக்கு அரைமணி நேரம் எடுத்துரைத்தேன். அடுத்த ஆண்டும் அவ்வாறே செய்வேன். நம் வட்டத்துக் கவிஞர்கள் அப்பக்கம் செல்ல நேர்ந்தால் ஒரு முறை அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.